கட்டெறும்பு

"இந்தக் கட்டெறும்பு யாருன்னு மட்டும் தெரியட்டும். நேர்ல போயி நாலு கேள்வி கேக்காம விடமாட்டேன்."

போனை மேசைமேல் டொக்கென்று வைத்தார் லிஃப்ட்காரர். முப்பத்தைந்து வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை போனாலும் பேர் போகவில்லை.

ஓய்வு பெற்ற கையோடு ஒரு கேமரா வாங்கினார். மலை, ஏரி, மரம் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. எடுத்த படங்களைப் போனில் ஒரு புகைப்படக் குழுவில் போடுவார். அங்கே எல்லோருக்கும் புனைபெயர்தான். முகம் தெரியாவிட்டால்தான் மனசில் இருப்பதைச் சொல்வார்களாம். இவர் 'வானவில்'.

மற்றவர்கள் படத்துக்குக் கீழே ஒரு பூ பொம்மையைப் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கட்டெறும்பு மட்டும் நின்று நிதானமாகக் கடிக்கும்.

'ஏரி வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. இன்னும் கொஞ்சம் விட்டால் தண்ணீர் அடுத்த படத்தில் கொட்டிவிடும்.'

லிஃப்டை மாடித் தரைக்கு ஒரு நூல் பிசகாமல் நிறுத்தியே பேர் வாங்கியவரைப் பார்த்து இப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

'வானம் வெறும் வெள்ளைத் துணியாக இருக்கிறது. வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து எடுத்திருந்தால் மேகம் கிடைத்திருக்கும்' என்றது இன்னொரு நாள். அடுத்த வாரமே, 'பச்சையை இவ்வளவு ஏற்றியிருக்க வேண்டாம். அந்த மரத்துக்கே தன்னை அடையாளம் தெரியாது' என்றது.

'உனக்குக் கேமராவைப் பிடிக்கத் தெரியுமா?' என்று காட்டமாகக் கேட்டார் இவர்.

'தெரியாதுங்க. பார்க்கத் தெரியும்' என்று பதில் வந்தது. எவ்வளவு திட்டினாலும் அது 'ங்க'வை விடாது. அதுதான் அவருக்கு இன்னும் எரிச்சல்.

வெளியே இப்படியென்றால் வீட்டில் வேறு மாதிரி. மருமகள் ஓர் அச்சகத்தில் பக்கம் வடிவமைப்பவள். படம், எழுத்து, ஓரம் என்று நாள் முழுக்க அளந்துகொண்டிருக்கிறவள். ஆனால் இவர் எந்தப் படத்தை நீட்டினாலும், "நல்லா இருக்கு மாமா" என்பாள். சாய்ந்த ஏரியும் நல்லா இருந்தது, வெளுத்த வானமும் நல்லா இருந்தது.

"மூணே வார்த்தை. கடனேன்னு சொல்றா. மாமனார் எக்கேடு கெட்டா அவளுக்கு என்ன?" என்று மனைவியிடம் குறைபட்டுக்கொண்டார்.

"உங்க பையன் ஒரு தடவை படம் கலங்கியிருக்குன்னு சொன்னான். ஒரு மாசம் அவன்கூட மூஞ்சி குடுத்துப் பேசினீங்களா? அதைப் பாத்துக்கிட்டு இருந்தவதானே அவ" என்றாள் மனைவி.

அவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

வெளியே சொல்லவில்லையே தவிர, கட்டெறும்பு சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தார். வீம்புக்குத்தான். ஏரியை நேராக நிறுத்தினார், வெளிச்சத்தைக் குறைத்தார், பச்சையில் கை வைப்பதை விட்டார். ஆறு மாதத்தில் படங்கள் தேறிவிட்டன. தான்தான் தேறிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டார்.

குழு வருஷா வருஷம் நூலக மண்டபத்தில் கண்காட்சி வைக்கும். பன்னிரண்டே படங்கள். போன வருஷம் இவருடையதைக் கழித்துவிட்டார்கள். இந்த வருஷம் பழைய வேலைத்தோழர்களிடமெல்லாம் 'வந்துடுங்க' என்று முன்கூட்டியே வாய்விட்டிருந்தார். இனி தேர்வாகாவிட்டால் தெருவில் தலைகாட்ட முடியாது.

கண்காட்சிக்குப் படம் போடக் கடைசி நாளுக்கு முந்தின நாள் காலை. மழை ஓய்ந்த ஏரி, கரையில் ஒற்றை மரம். வீட்டுக்கு வந்ததும், கைப்பையோடு வேலைக்குக் கிளம்பிய மருமகளை வாசலிலேயே மறித்து, கேமராவின் சின்னத் திரையில் காட்டினார். கொஞ்சம் கூடுதல் நேரம் பார்த்தாள். பிறகு, "நல்லா இருக்கு மாமா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

படத்தின் ஓரத்தில் ஒரு படகுக்காரர் குடையை உதறிக்கொண்டு நின்றார். இந்த ஆள் எதுக்கு நந்தி மாதிரி என்று அவரை வெட்டி எறிந்துவிட்டு, மரத்தை மட்டும் குழுவில் போட்டார்.

மாலையில் கட்டெறும்பு வந்தது. 'மரம் அருமைங்க. ஆனால் குடையை உதறும் படகுக்காரரை ஏன் வெட்டினீங்க? படத்துக்கு உயிரே அவர்தான். சேர்த்துப் போடுங்க, கண்டிப்பாகத் தேர்வாகும்.'

பல்லைக் கடித்துக்கொண்டு படகுக்காரரைத் திரும்பக் கொண்டுவந்து போட்டார். மூன்றாம் நாள் முடிவு வந்தது. பன்னிரண்டில் முதல் படம் அவருடையது.

வீடே சந்தோஷப்பட்டது. மருமகள் சிரித்துக்கொண்டே காபி போட உள்ளே போனாள். லிஃப்ட்காரர் சோபாவில் சாய்ந்து, கட்டெறும்புக்குச் சூடாக நாலு வரி கொடுக்கலாம் என்று அதன் கடைசிக் கடியை மறுபடி படித்தார்.

'குடையை உதறும் படகுக்காரர்...'

விரல் அப்படியே நின்றது. முதலில் போட்ட படத்தில் மரம் மட்டும்தானே இருந்தது? படகுக்காரரை இவரைத் தவிரப் பார்த்தது இன்னும் ஒரே ஓர் ஆள்.

தான் எழுதிய பதில்களையெல்லாம் ஒருமுறை மேலே தள்ளிப் படித்தார். முட்டாள், வேலைவெட்டி இல்லாதவன், பொறாமை பிடித்தவன். காது சுட்டது. ஒவ்வொன்றையும் வாங்கிக்கொண்டு, மறுநாள் காலை சிரித்த முகமாகக் காபி கொடுத்திருக்கிறாள் பெண்.

"மாமா, காபி."

வாங்கிக்கொண்டார். தொண்டையைச் செருமிக்கொண்டு, "நேத்து எடுத்த ஏரிப் படம்மா. பாத்துச் சொல்லு" என்று போனை நீட்டினார்.

"நல்லா இருக்கு மாமா" என்றாள்.

அவள் உள்ளே போனதும் அதைக் குழுவில் ஏற்றினார். ஏற்றுவதற்கு முன், நேராக இருந்த ஏரியைத் தன் கையாலேயே ஒரு நூல் சாய்த்து வைத்தார்.