முன் வாங்கு

“இண்டைக்கும் அந்த மனிசி எழும்பிப் போயிட்டா, பார்த்தீங்களா?” ஆராதனை முடிந்து காருக்குள் ஏறியதுமே லோஜினி வெடித்தாள்.

“முதுகு நோவாக்கும்,” என்றான் ஜெறோம்.

“நோவெண்டா கடைசி வாங்கு வரைக்கும் ஏன் நடக்கிறா? நாங்க பக்கத்தில போய் இருந்தா மட்டும் எழும்புறா. பிள்ளைக்குப் பாட்டுக்காரர் தெரியட்டும் எண்டு முன்னுக்கு இருந்தது ஒரு குற்றமா?”

நூற்றைம்பது வருடங்களுக்கு முன் மொன்றியலுக்கு வந்த ஆங்கிலேயர் கட்டிய தேவாலயம் அது. குடும்பத்துக்கொரு வாங்கு, நீண்ட மர இருக்கை. அதில் பித்தளைத் தகட்டில் குடும்பப் பெயர். முதல் வாங்கு, எழும்பிப் போன அந்த மிஸிஸ் ஹார்கிரீவுடையது.

அடுத்த ஞாயிறு முதல் அவர்கள் புவாண்ட்-கிளேரில் வேறு தேவாலயத்துக்குப் போனார்கள்.

வசந்தத்தில் போதகர் தொலைபேசியில் அழைத்தார். ஆட்கள் இல்லாததால் தேவாலயத்தை மூடுகிறார்களாம். கடைசி ஆராதனைக்காவது வரச் சொன்னார்.

போனார்கள். பின்னால் இருக்கப் போனவர்களைப் போதகர் முன் வாங்குக்கு அழைத்து வந்தார்.

“வேண்டாம் ஃபாதர். அவ வந்தா எழும்பிப் போவா,” என்றாள் லோஜினி.

“அவர் டிசம்பரில் இறந்துவிட்டார். அவருக்குப் பிறகு அந்தக் குடும்பத்தில் யாருமில்லை. இந்த வாங்கில் மறுபடியும் ஒரு குழந்தையைப் பார்க்க ஆசைப்பட்டார். அதனால்தான் இடத்தை உங்களுக்கு விட்டுவிட்டுப் பின்னால் போனார். நீங்கள் வராமல் போன பிறகு, ஒவ்வொரு ஞாயிறும் உங்களை விசாரித்தார்.”

வாங்கின் ஓரத்தில் மிஸிஸ் ஹார்கிரீவ் செய்யக் கொடுத்திருந்த புதுத் தகடு பளபளத்தது. அதில் ஜெறோமின் குடும்பப் பெயர் இருந்தது.

லோஜினி உட்காரவில்லை. நின்றபடியே கடைசி வாங்கைத் திரும்பிப் பார்த்தாள்.