பதினோரு மணி வாய்தா

பதினோரு மணிக்குக் குடும்ப நீதிமன்றத்தில் கையெழுத்துப் போட்டால் அவர்களுடைய ஆறு வருடத் திருமணம் முடிந்துவிடும். வீட்டில் இருப்பது ஒரே கார். அதனால் பிரிவதற்கும் சேர்ந்தே கிளம்பியிருந்தார்கள். மணி பத்தரை ஆகியும் கார் மேட்டில் ஏறமாட்டாமல் கரும்புகை கக்கித் திணறியது.

"கிளம்புறதுக்கு முன்னாடியே பார்த்திருக்கலாமில்ல?" என்றாள் அவள்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் ஓடுச்சு."

"எதைத்தான் உருப்படியா கவனிச்சீங்க நீங்க?"

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு, வழியில் தெரிந்த ஒர்க்‌ஷாப்பில் வண்டியை நிறுத்தினான். மெக்கானிக் பானெட்டைத் திறந்து குனிந்தார்.

"டர்போவோட காத்துக் குழாய் கழண்டு கிடக்கு சார். கிளாம்ப்பை யாரோ ஸ்க்ரூடிரைவர் போட்டுத் தளர்த்தியிருக்காங்க. யார் கை வச்சது?"

அவள் சட்டென்று கணவனைப் பார்த்தாள். கழுவியும் போகாத கிரீஸ் கறையோடு இருந்த விரல்களை அவன் அவசரமாகப் பாக்கெட்டுக்குள் நுழைத்துக்கொண்டான். மாட்டிக்கொண்டாயிற்று. நீதிபதியிடம் இதையும் சொல்லப்போகிறாள்!

அதற்குள் மெக்கானிக் பின்பக்கம் போய், சைலன்சர் குழாய்க்குள் இடுக்கியை விட்டு எதையோ இழுத்தார்.

"இதென்ன கூத்து! இங்கேயும் துணியை அடைச்சு வச்சிருக்காங்க. வண்டியை மக்கர் பண்ண வைக்க ஒண்ணே போதுமே!"

கரி படிந்த, கட்டம் போட்ட துணி. காலையில் அடுப்படியில் அவள் கையில் இருந்த அதே துணி.

இப்போது அவன் அவளைப் பார்த்தான். அவள் தரையைப் பார்த்தாள்.

"கவலைப்படாதீங்க, பத்தே நிமிஷத்துல அனுப்பிடறேன்," என்றார் மெக்கானிக்.

"அவசரமே இல்லைங்க!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.