ஐந்தாவது 'ஏன்'

"பதினெட்டுப் பெட்டி! குழந்தைங்க மருந்து பாட்டில்ல பெரியவங்க லேபிள்! ஏன்மா?"

பாட்டில் ஓட்டம் நின்றிருந்த மருந்துக் கம்பெனிக் கூடத்தின் நடுவில் நின்று கேட்டார் மேனேஜர். லேபிள் ஒட்டும் அக்கா முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றாள். சுற்றிலும் முப்பது பேர்.

சூப்பர்வைசருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தவறைக் கண்டுபிடித்தவளே அந்த அக்காதான். ஓட்டத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை அழுத்தி, வாசல் வரை ஓடி, லாரியை நிறுத்தியவளும் அவள்தான். அவளை இப்படி எல்லோர் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்க வேண்டுமா?

போன வாரம் ஏதோ பயிற்சிக்குப் போய் வந்ததிலிருந்து மேனேஜருக்கு இதே வேலை. எது நடந்தாலும் ஐந்து முறை 'ஏன்' கேட்பார். பதிலை ஒரு மஞ்சள் அட்டையில் எழுதிப் பலகையில் மாட்டுவார்.

"வீட்ல பொண்டாட்டிகிட்டயும் இப்படித்தான் கேப்பாரோ?" என்று மெக்கானிக் சூப்பர்வைசரின் காதைக் கடித்தான்.

"அங்க கேட்டிருந்தா இங்க முழுசா வந்திருப்பாரா? சும்மா இருப்பா."

அக்கா வாயைத் திறந்தாள். "ரெண்டு லேபிளும் ஒரே மாதிரி தெரிஞ்சுது சார்."

"ஏன்? ஒண்ணு நீலம், ஒண்ணு பச்சையாச்சே."

"வெளிச்சம் கம்மி சார். மேல டியூப்லைட் எரியல."

மேனேஜர் அண்ணாந்து பார்த்தார். "ஏன் எரியல? எத்தனை நாளா?"

"பழசு சார், போயிடுச்சு. பதினஞ்சு நாளாச்சு."

சூப்பர்வைசர் மெல்ல ஓரடி பின்வாங்கினார். அடுத்த கேள்வி என்னவென்று அவருக்குத் தெரியும்.

"பதினஞ்சு நாளா ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

சொல்லியிருந்தாள். இரண்டாம் நாளே சூப்பர்வைசரிடம் வந்து சொல்லியிருந்தாள். "குறை சொல்றதுக்கா உனக்குச் சம்பளம்? போய் வேலையைப் பாரு" என்று விரட்டியவர் அவர்தான்.

ஓய்வு பெற இன்னும் இரண்டே வருஷம். இப்போது வேலை போனால், இந்த வயதில் யார் கூப்பிட்டு வேலை கொடுப்பார்கள்?

அக்கா அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள்.

"மறந்துட்டேன் சார். என் தப்புதான்."

சூப்பர்வைசருக்கு யாரோ கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. வீட்டில் படுத்த படுக்கையாகக் கிடக்கும் புருஷனை வைத்துக்கொண்டு, இந்தச் சம்பளம் ஒன்றையே நம்பியிருப்பவள். விரட்டிய ஆளைக் காப்பாற்ற இவள் ஏன் தன் தலையைக் கொடுக்கிறாள்? தான் என்றைக்காவது யாருக்காவது இப்படிச் செய்ததுண்டா?

கால்கள் தானாக முன்னே நகர்ந்தன.

"அவ சொன்னா சார். நான்தான் வாயை மூடிட்டுப் போன்னு விரட்டினேன்."

கூடத்தில் சலசலப்பு எழுந்தது. அக்கா பதறினாள். "அண்ணே, நீங்க சும்மா இருங்க!"

மேனேஜர் திரும்பினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"ஏன் விரட்டினீங்க?"

அதுதான் ஐந்தாவது. வந்தது வரட்டும் என்று சூப்பர்வைசர் நிமிர்ந்தார்.

"போன மாசம் மீட்டிங்ல, மூடி போடுற மெஷின்ல சத்தம் வருதுன்னு சொன்னேன் சார். பன்னிரண்டு பேர் முன்னாடி, 'குறை சொல்றதுக்கா உங்களுக்குச் சம்பளம்'னு கேட்டீங்க. அன்னைக்கு எனக்குக் கிடைச்சதை அப்படியே இவகிட்ட இறக்கி வெச்சேன். டியூப்லைட் வேணும்னு மறுபடி உங்க முன்னாடி வந்து நிக்கத் தைரியம் வரல."

மெக்கானிக் கண்களை மூடிக்கொண்டான்.

மேனேஜர் சட்டைப் பையிலிருந்து பேனாவை உருவினார். மேசையில் கிடந்த மஞ்சள் அட்டையை எடுத்தார். நின்றபடியே எழுதத் தொடங்கினார். தன் சீட்டுத்தான் கிழிகிறது என்று நினைத்தார் சூப்பர்வைசர்.

எழுதி முடித்ததும் மேனேஜர் உரக்கப் படித்தார்.

"தவறு: லேபிள் மாறியது. மூல காரணம்..." குரல் சற்றுத் தடுமாறியது. "மேனேஜரின் வாய். திருத்தம்: இனி குறை சொல்வதற்கும் சேர்த்துத்தான் சம்பளம். கெடு: இன்று."

யாரும் சிரிக்கவில்லை. சூப்பர்வைசருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. முப்பது வருஷத்தில் எத்தனையோ மேனேஜர்களைப் பார்த்திருக்கிறார். காரணம் தேடிக் கீழே போனவர்கள்தான் எல்லோரும். தேடிக்கொண்டே மேலே ஏறி, தன் பெயரில் வந்து நின்ற ஒருவரைக்கூட அவர் கண்டதில்லை.

அட்டையில் ஒரு கட்டம் மட்டும் மிச்சமிருந்தது. சரிபார்ப்பவர். அதில் எப்போதும் மேனேஜர்தான் கையெழுத்துப் போடுவார்.

அவர் பேனாவை அக்காவிடம் நீட்டினார்.

"இங்க நீங்க போடுங்கம்மா."

"நானா? எதுக்கு சார்?"

"என் வாய் சரியாயிடுச்சான்னு யாராவது பாக்கணும் இல்ல? மறுபடி யாரையாவது அடக்கினா அந்தச் சிவப்புப் பொத்தானை அழுத்துங்க. ஓட்டம் நிக்கட்டும். நான் வந்து பதில் சொல்றேன்."

அக்கா பேனாவை வாங்கினாள். அட்டையைக் கண்ணருகே கொண்டுபோனாள். தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். பிறகு தயங்கித் தயங்கி நிமிர்ந்தாள்.

"எந்தக் கட்டம்னு தெரியல சார். வெளிச்சம் பத்தல."

முப்பது பேரும் மேனேஜரைப் பார்த்தார்கள்.

மேனேஜர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஏணி எடுக்க ஓடினார்.