ஆழத்தில் ஒரு கை

“சில்லுன்னு ஒரு கை, கணுக்காலைப் பிடிச்சு இழுத்துச்சும்மா. திரும்பிப் பார்த்தா ஆளே இல்ல!”

நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப்பின் நீச்சல் குளத்தில் பெண்கள் நேரத்தைக் கவனித்துக்கொள்ளும் புஷ்பவல்லி இப்படிச் சொன்னதிலிருந்து, விடியற்காலை பேட்ச்சுக்கு ஒருத்தரும் வருவதில்லை. சத்யப்பிரியாவைத் தவிர.

“படிச்சவங்க நிறைஞ்ச ஊர்ல பேய்ப் புரளி கிளப்பறாங்க அந்தக்கா. நல்லாவா இருக்கு?” என்றாள் கணவனிடம்.

“உனக்கு நல்லதுதானே? குளம் காலி” என்றான் சுதாகர்.

அது உண்மைதான். குடல் ஆபரேஷனுக்குப் பிறகு அவள் வயிற்றில் ஒரு பை. மலம் அதில்தான் சேரும். ஒழுகாது, தாராளமாக நீந்தலாம், கடலுக்கடியில்கூடப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைச் சொல்லித்தான் புஷ்பவல்லியிடம் சேர்ந்தாள். பொங்கல் கழிந்ததும் பாண்டிச்சேரியில் ஸ்கூபா டைவிங் போக ஆசை. அதற்குள் தண்ணீர் பயம் தெளிய வேண்டும்.

ஆனால் நனைந்த உடுப்பில் பை புடைத்துத் தெரியுமே? பேய் பரவாயில்லை. மனுஷக் கண்தான் பயம்.

மார்கழிப் பனி. கதவைத் திறந்துவிட்டு புஷ்பவல்லி வாசலிலேயே தங்கிவிட்டாள். சுரங்கத்துப் பக்கம் ஷிப்ட் சங்கு ஊதி அடங்கியது. மூச்சைப் பிடித்து ஆழத்துக்குப் போனாள். அடியில் சத்தமே இல்லை.

அண்ணாந்து பார்த்தாள். கரையில் வெள்ளையாக ஒன்று நெளிந்தது. கை இல்லை. முகம் இல்லை.

மேலே வந்தாள். யாருமில்லை. தரையில் ஈரக் காலடிகள் மட்டும்.

“வேலுடையான்பட்டு முருகா...”

ஓடிவிடலாம் போலிருந்தது. ஓடினால் இனி எந்தத் தண்ணீரிலும் இறங்கமாட்டாள். அது அவளுக்கே தெரியும்.

மறுநாளும் அது வந்து நின்றது. இந்த முறை அவள் நேரே மேலே வரவில்லை. அடியிலேயே நீந்திப் போய், சுவரோரம் எழும்பி, கையை நீட்டி அதன் காலைப் பற்றினாள்.

“ஐயோ! பேயி! பேயி!”

தலையோடு போர்த்தியிருந்த வெள்ளைத் துண்டு நழுவியது. உள்ளே புஷ்பவல்லி.

“அக்கா! ஊரையே பயமுறுத்தியாச்சு, இப்ப என்னையுமா?”

புஷ்பவல்லிக்கு மூச்சு வாங்கியது. “ஆழத்துல ஒத்தையா எறங்கறியே பாப்பா, ஆளில்லாம எப்படி வுடறது? நான் பார்த்தா நீ கூச்சப்படுவேன்னு மறைஞ்சு நின்னுகினு இருந்தேன்.”

“அப்போ, அன்னிக்கு உங்க காலைப் பிடிச்ச கை?”

“என் காலை யாரும் பிடிச்சதில்ல. இப்ப நீதான், குலை நடுங்க வச்சுட்டே.”

“பின்ன எதுக்குக்கா அந்தப் புரளி?”

புஷ்பவல்லி துண்டை எடுத்து அவள் தோளில் போர்த்தினாள்.

“நீ துணி மாத்தறப்ப யாரோ அந்தப் பையைப் பார்த்துட்டாங்க பாப்பா. அவ எறங்குன தண்ணியில நாங்க எறங்கமாட்டோம், அவளை நிறுத்துங்கன்னு வந்து நின்னாங்க. டாக்டரு சொன்னதை ஆன மட்டும் எடுத்துச் சொன்னேன். ஒருத்தரும் நம்பல. பேய் இருக்குதுன்னேன். ஒடனே நம்பிட்டாங்க.”