கண்ணாடித் தோட்டத்து அதிசயம்

மலைமேல் இருந்த கண்ணாடிக் கலைக்கூடத்தின் தோட்டத்தில், மனைவியோடும் சகலையோடும் சுற்றிப் பார்க்க வந்த பேங்க் மேனேஜருக்கு வாய் ஓயவில்லை. செடிக்குச் செடி கண்ணாடிப் பூ. பூவுக்குப் பூ ஒரு பிரசங்கம். சகலைக்கு முன்னால் தன் ரசனையைக் காட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்குமா?

இரண்டு புதர்களுக்கு நடுவே காலை வெயிலில் மின்னிய வலையைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். இழைக்கு இழை கண்ணாடி மணிகள்!

"தொடாதே!" என்று மனைவியின் கையைத் தட்டிவிட்டார். "ஒரு இழை போனாலும் வீட்டை வித்துத்தான் கட்டணும். மூச்சைப் பிடிச்சு ஊதி ஊதிப் பண்ணியிருக்கான். ஆறு மாச வேலை!"

"பேர்ப்பலகை ஒண்ணும் காணோமே, சகலை?"

"பெரிய கலைஞன் பேர் போட்டுக்க மாட்டான்யா."

கூட்டம் கூடிவிட்டது. நாலு பேர் போட்டோ எடுத்தார்கள். மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு தோட்டக்காரர் வந்தார். துடைப்பத்தால் ஒரே வீச்சு. வலையும் அதிலிருந்த பனித்துளியும் போன இடம் தெரியவில்லை.

"மன்னிச்சுக்குங்க சார். ரெண்டு நாள் லீவு போட்டேன், அதுக்குள்ள சிலந்தி வேலையைக் காட்டிடுச்சு."

சகலை இருமினார். மனைவி நிதானமாகக் கேட்டாள்:

"போன வாரம் நம்ம வீட்டு ஹால்ல இதே கலையைப் பார்த்துட்டுத்தானே என்னை அந்தக் கத்து கத்தினீங்க?"