செம்மஞ்சள் கோடுகள்

மகனைப் புதைத்து இருபத்தாறு நாள்தான் ஆகியிருந்தது. பேனாட் வீட்டு வாசலில் நின்று காருக்கு ஸ்பிறேயால் கோடு அடித்துக்கொண்டிருந்தார்.

முன்வீட்டு யன்னலால் அதை முதலில் கண்டது தவமணி. கணவர் நவரட்ணத்தைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"உங்கை பாருங்கோ. முப்பத்தோராம் நாள்கூட முடியேல்லை."

நவரட்ணம் எட்டிப் பார்த்தார். சாம்பல் நிறத்தில் இரண்டு கதவுச் சின்னக் கார். கண்ணாடி, சில்லு, நம்பர் தகடு எல்லாவற்றையும் பழைய பேப்பரால் மூடி ரேப் ஒட்டியிருந்தது. முன்னுக்கிருந்து பின்னுக்கு வரைக்கும் இரண்டு அகலக் கோடு, கண்ணைக் குத்துகிற செம்மஞ்சளில்.

செத்த பிள்ளை றொய்சனின் காரைப் பொலிஸ் திருப்பிக் கொடுத்துவிட்டதாக்கும் என்று நினைத்துக்கொண்டார். தொண்ணூற்றெட்டாம் ஆண்டு அது. ஸ்காபரோவில் பாதிப் பெடியன்கள் அந்த மாதிரிக் காரில்தான் திரிந்தார்கள்.

றொய்சன் செத்ததும் காருக்குள்தான். மல்வேர்னில் ஒரு கோப்பிக் கடை வாசலில், பின்னேரம் ஐந்து மணிக்கு. வேலைக்குப் போகமுதல் கோப்பி வாங்கிக்கொண்டு வந்து ஏறியிருக்கிறான். இரண்டு பேர் கிட்ட வந்து யன்னலால் சுட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இருபது வயது.

ஒரு சண்டைக் குழுவிலும் சேராத பிள்ளை என்று பேனாட் சொன்னார். எல்லாத் தகப்பன்மாரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று நவரட்ணம் சொன்னார். சவப்பெட்டி வைத்திருந்த மண்டபத்திலேயே, நாலு பேருக்கு நடுவில் நின்று சொன்னார். சேர்க்கை சரியாக இருந்தால் ஏன் ஒருவன் தேடி வந்து சுடுகிறான், எங்கள் மகன் பிரசாந் கொலிச் உண்டு தானுண்டு என்று இருக்கிறானே என்றும் சொன்னார். பேனாட்டின் மனைவி அன்ரனெற் இரண்டு கதிரை தள்ளித்தான் இருந்தார்.

பிரசாந் அதற்குப் பிறகு இன்னும் அடங்கிப்போனான். வெளியில் திரிவதில்லை. கார் பழுதென்று கராஜில் விட்டுவிட்டு நாலு நாளாக பஸ்ஸில் போய் வருகிறான். சாப்பாடும் இறங்குவதில்லை. கூடப் படித்தவன் போன கவலை என்று தவமணி சொன்னார்.

மத்தியானத்துக்குள் ஐந்தாறு பேர் ரெலிபோன் எடுத்துவிட்டார்கள். பேனாட்டுக்கு மண்டை பிசகிவிட்டதா என்று ஒருவர் கேட்டார். பிள்ளை போனாலும் கார் மிஞ்சிச்சே என்றார் இன்னொருவர். நாலு பேருக்கு நல்லது கெட்டது சொல்கிற ஆள் நவரட்ணம். செருப்பை மாட்டிக்கொண்டு றோட்டைக் கடந்தார்.

கிட்டப் போனபோதுதான் காரின் மறுபக்கத்தில் அன்ரனெற்றைக் கண்டார். கறுப்புச் சட்டையோடு முழங்காலில் இருந்து, பேப்பர் காற்றுக்குப் பறக்காமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பேனாட், நான் சொல்லுறனெண்டு கோவிக்கக்கூடாது. உது இப்ப தேவையோ?"

"ஓம் அண்ணை. இண்டைக்கே முடிக்கவேணும்."

நவரட்ணம் சனம் கதைப்பதைச் சொன்னார். செத்த பிள்ளையின் காருக்குச் சோடனை செய்கிற தகப்பனைத் தான் எங்கும் கண்டதில்லை என்றார். தாயும் கூடச் சேர்ந்து நிற்கிறாரே என்றார். அன்ரனெற் ரேப்பின் ஓரத்தை நகத்தால் அழுத்திக்கொண்டிருந்தார்.

பேனாட் ஸ்பிறேயைக் கீழே வைத்தார். கார்களுக்குப் பெயின்ற் அடிக்கிற கராஜில் பத்து வருசமாக வேலை செய்கிற மனிசன். 

"அண்டைக்கு வந்தவங்கள் றொய்சனைத் தேடி வரேல்லை, அண்ணை. வேறை ஒரு பெடியனைத் தேடி வந்தவங்கள். கார் ஒரே மாதிரி எண்டபடியால் மாறிச் சுட்டுப்போட்டாங்கள்."

"ஆர் சொன்னது?"

"அந்தப் பெடியன்தான். போன கிழமை வந்து உந்தப் படியிலை இருந்து அழுதவன். கொலிச்சிலை எவங்களோடையோ வாய்த்தர்க்கமாம். அவங்கள் தன்னைத் தேடித் திரிஞ்சது தனக்குத் தெரியுமாம். வீட்டிலை சொல்லப் பயமாம்."

நவரட்ணம் குரலை உயர்த்தினார். தெரிந்துகொண்டும் மூன்று கிழமை வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறானா என்று கேட்டார். அவனைப் பிடித்து உள்ளே போடவேண்டும் என்றார். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, பிள்ளை எங்கே போகிறான், என்ன செய்கிறான் என்று பாராமல் வளர்த்த தாய் தகப்பனைச் சொல்லவேண்டும் என்றார்.

பேனாட் அவரை முடிக்கவிட்டுச் சொன்னார்.

"பொலிஸுக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனனான். தெரிஞ்சதெல்லாம் சொல்லிப்போட்டான். ஆனால் அவங்களை இன்னும் பிடிக்கேல்லை. பிடிக்கும் வரைக்கும் மொன்றியலிலை என்ரை தங்கச்சி வீட்டிலை நிக்கட்டும் எண்டு சொல்லியிருக்கிறன்."

"அவனாலை உம்மடை பிள்ளை செத்திருக்குது. அவனுக்கு நீர் இடம் பாக்கிறீரோ?"

அன்ரனெற் அப்போதுதான் வாய் திறந்தார். "எனக்கு அவன்ரை முகத்தைப் பாக்க ஏலாது, அண்ணை. ஆனால் இன்னொரு பெட்டியையும் பாக்க ஏலாது."

 நவரட்ணத்துக்கு அப்போதும் விளங்கவில்லை.

"சரி. அதுக்கேன் றொய்சன்ரை காருக்குக் கோடு அடிக்கவேணும்?"

"கண்டவுடனை அடையாளம் தெரியக்கூடாது. நாளைக்கு விடிய அவன் இதிலைதான் போறான்."

பேனாட் ஸ்பிறேயைத் திரும்பக் கையில் எடுத்தார்.

"றொய்சன்ரை கார் இன்னும் பொலிஸிலைதான் நிக்குது, அண்ணை. இது உங்கடை பிரசாந்தின்ரை."