முதல் வாளி

வாளி மேலே வந்ததும் பரமேஸ்வரன் கையை நீட்டினார்.

புதுக் கிணற்றைத் திறந்து வைக்கச் செயலகத்திலிருந்து வந்தவர் அவர். முதல் மிடறு தனக்குத்தான் என்று நினைத்திருந்தார். படம் பிடிப்பவரும் கமராவோடு தயாராக நின்றார்.

கயிற்றை இழுத்த வடிவம்மா வாளியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டாள்.

"வெட்டுன ஆளு குடிக்காம வேற யாரும் வாய் வைக்கக் கூடாதுங்க, ஐயா."

மலையகத்திலிருந்து செட்டிகுளத்துக்கு வந்து குடியேறியவர்களின் வழக்கம் அது. வெறும் குடங்களோடு வெயிலில் நின்ற ஊர் அசையவில்லை.

பரமேஸ்வரன் கிணற்றடிக் கருங்கல்லைத் திரும்பிப் பார்த்தார். சற்று முன் அவரே திரை விலக்கிய நினைவுக்கல். மூன்று பெயர்கள். முதலாவது வீரையா, வடிவம்மாவின் கணவன். அவனுடைய பழைய சட்டையைத்தான் அவள் சேலைக்கு மேல் போட்டிருந்தாள். துக்கம் ஆறவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டார்.

வரும் வழியில் ஜீப்பில் அந்த மூவரின் கதையைச் சொல்லியிருந்தார்கள். பாறையில் ஐந்து குழி துளைத்து வெடி வைத்தார்களாம். மேலே நின்று சத்தத்தை எண்ணினார்களாம். ஐந்தும் கேட்ட பிறகே இறங்கினார்களாம்.

ஐந்தாவதாகக் கேட்டது, சண்டையில் காட்டுக்கு அப்பால் விழுந்த ஷெல் குண்டு.

மிச்சமிருந்த குழி அவர்கள் கிணற்றடியில் இறங்கி நிற்கும்போது வெடித்தது.

அதன் பிறகு வெடிமருந்துக்கு அனுமதி கிடைக்கவில்லை. ஊர் ஆண்கள் இறங்க மறுத்துவிட்டார்கள். வெளியூர் ஆட்கள் வந்து முடித்திருப்பார்கள் என்று நினைத்து அவர் மேற்கொண்டு கேட்கவில்லை.

 இப்போது அவர் வாளியிலிருந்து ஒரு கை தண்ணீர் அள்ளிக் கல்லின் மேல் தெளித்தார். மூன்று பெயர்களும் நனைந்து கறுத்தன. இனி மற்றவர்கள் குடிக்கலாம்தானே என்று மெதுவாகக் கேட்டார்.

வடிவம்மா சிரித்தாள்.

"அவங்க பாறை வரைக்கும் வெட்டுனாங்க, ஐயா. தண்ணி வரைக்கும் வெட்டுனவங்க உசுரோடதான் நிக்கிறோம்."

சட்டைக் கையை மடித்துவிட்டு வாளியைச் சரித்துக் குடித்தாள். சட்டையின் தோள்பட்டை கயிறு உரசி நைந்திருந்ததை அவர் அப்போதுதான் கண்டார்.

அவள் வாளியைப் பின்னால் நீட்டினாள். வாங்கிய இரண்டு பெண்களும் ஆண்களின் சட்டைதான் போட்டிருந்தார்கள்.

படம் பிடிப்பவர் கமராவைத் தூக்கினார்.

பரமேஸ்வரன் படத்துக்குள் விழாமல் ஒதுங்கிக்கொண்டார்.